தோற்றவர்கள் கவிழ்த்த பேரரசு: தைப்பிங் கிளர்ச்சி சீனாவில் எதை மாற்றியது?

பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்தின் நடுவே மக்கள் வீரர்கள் நினைவுத்தூண் நிற்கிறது. 1958-இல் திறக்கப்பட்ட அந்தத் தூணின் அடியில், சீனப் புரட்சியின் கதையைச் சொல்லும் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, 1851-இல் குவாங்சி மாகாணத்தின் ஜின்தியான் கிராமத்தில் ஆயுதம் ஏந்திய விவசாயிகளைக் காட்டுகிறது. அவர்களுடைய தலைவர் ஹோங் சியூச்சுவான், தன்னை இயேசுவின் தம்பி என்று உறுதியாக நம்பியவர்.

இந்தத் தூணை எழுப்பிய அதே அரசுதான் 1999-இல் தியானமும் உடற்பயிற்சியும் கலந்த ஃபாலுன் கோங் என்ற ஆன்மிக இயக்கத்தைத் தடைசெய்தது. 2014 முதல் செஜியாங் மாகாணத்தில் நூற்றுக்கணக்கான தேவாலயங்களின் சிலுவைகளை இறக்கியதும் அதுதான். சீனச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். மதத்தின் பெயரால் நாலு பேர் கூடினாலே உஷாராகும் கம்யூனிஸ்ட் கட்சி, மதத்தின் பெயரால் எழுந்த கிளர்ச்சியைக் கல்லில் செதுக்கி வணங்குவது ஏன்?

விடை அந்தக் கிளர்ச்சியின் முடிவில் இருக்கிறது. பதினான்கு ஆண்டுகள் நடந்த தைப்பிங் கிளர்ச்சி தோற்றது. அப்போது சீனாவை ஆண்ட சிங் பேரரசு வென்றது. ஆனால் வெல்வதற்காக அது படையையும் வரியையும் கைமாற்றிக் கொடுத்தது. அரை நூற்றாண்டுக்குள் அந்தப் பேரரசே இல்லாமல் போனதற்கு அந்தக் கைமாற்றம் முக்கியக் காரணம்.

## முதலில் அடிப்படை: அரசரை எதிர்க்கும் உரிமை

சீன அரசியல் சிந்தனையில் 'வானத்தின் ஆணை' என்றொரு கருத்து உண்டு. பேரரசர் ஆள்வது வானம் அவருக்குக் கொடுத்த அனுமதியால். அவர் ஒழுங்காக ஆளாவிட்டால் அந்த அனுமதி பறிபோகும். பறிபோனதை எப்படி அறிவது? வெள்ளம், பஞ்சம், நிலநடுக்கம், கிளர்ச்சி ஆகியவையே அடையாளம். அதாவது கிளர்ச்சி வென்றுவிட்டால், வானம் பக்கம் மாறிவிட்டது என்று பொருள்.

இதனால் சீனாவில் சாதாரண விவசாயி பேரரசராவது நினைத்துப் பார்க்க முடியாத காரியமாக இருக்கவில்லை. கி.மு. 209-இல் சென் ஷெங், வூ குவாங் என்ற இருவர், எல்லைக் காவலுக்குக் கட்டாயமாக அழைத்துச் செல்லப்பட்ட சுமார் 900 பேரைத் திரட்டி, சின் வம்சத்துக்கு எதிராக எழுந்தார்கள். மழையால் வழி அடைபட்டுத் தாமதமாகிவிட்டது; தாமதத்துக்குத் தண்டனை மரணம்; எப்படியும் சாவுதான் என்றால் எதிர்த்தே சாகலாம் என்பது அவர்கள் கணக்கு. 'அரசனும் அமைச்சனும் தளபதியும் பிறப்பாலா வருகிறார்கள்?' என்று சென் ஷெங் கேட்டதாகச் சீன வரலாற்று நூல்கள் பதிந்திருக்கின்றன. அவர் சில மாதங்களில் அழிந்தார். ஆனால் அதே அலையில் எழுந்த லியு பாங் என்ற விவசாயி மகன் கி.மு. 202-இல் ஹான் வம்சத்தைத் தொடங்கினார். 1368-இல் மிங் வம்சத்தைத் தொடங்கிய சூ யுவான்சாங்கும் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த ஏழைதான். அந்த மிங் வம்சத்தை 1644-இல் வீழ்த்தியது லி சிசெங்கின் விவசாயப் படை. அந்தக் குழப்பத்தில் பெருஞ்சுவரைத் தாண்டி உள்ளே வந்து அரியணையைப் பிடித்தவர்கள்தான் மஞ்சுக்கள். அவர்களுடைய வம்சம்தான் சிங்.

சிங் ஆட்சிக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று இருந்தது. ஆண்டவர்கள் சிறுபான்மை மஞ்சுக்கள். ஆளப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹான் சீனர்கள். முன்தலையை மழித்துப் பின்னால் சடை பின்ன வேண்டும் என்ற மஞ்சு வழக்கத்தை 1645-இல் ஹான் ஆண்கள் மீது திணித்தார்கள். மறுத்தால் தலை போகும். தைப்பிங் வீரர்கள் முதலில் செய்தது முடியை வளரவிட்டதுதான். அரசுத் தரப்பினர் அவர்களை 'நீள முடியர்கள்' என்றே அழைத்தனர்.

## 1850-இல் தென்சீனா

கிளர்ச்சிக்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. நான்கு அழுத்தங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

1. மக்கள்தொகை. 1700 வாக்கில் சுமார் 15 கோடியாக இருந்த சீன மக்கள்தொகை 1850 வாக்கில் 43 கோடியை எட்டியது. விளைநிலம் அந்த வேகத்தில் பெருகவில்லை. அதிகாரிகளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. ஒரு மாவட்ட நடுவர் லட்சக்கணக்கான மக்களுக்கு நீதிபதி, வரி வசூலிப்பவர், காவல் தலைவர் எல்லாமாக இருந்தார்.

2. வெள்ளி. விவசாயி தானியத்தை விற்றுச் செப்புக் காசு வாங்கினார். வரியோ வெள்ளியின் கணக்கில் விதிக்கப்பட்டது. நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லியாங் வெள்ளி, அதாவது சுமார் 37 கிராம், ஏறக்குறைய 1,000 செப்புக் காசுக்குக் கிடைத்தது. 1840-களின் இறுதியில் அதே வெள்ளிக்கு 2,000-க்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வரி விகிதம் மாறவில்லை. ஆனால் விவசாயி கொடுத்த வரி இரட்டிப்பானது. வெள்ளி நாட்டைவிட்டு வெளியேறியதற்கு ஒரு பெரிய காரணம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இந்தியாவில் விளைந்து சீனாவில் இறங்கிய அபின்.

3. அபின் போர். 1839 முதல் 1842 வரை நடந்த போரில் பிரிட்டன் வென்றது. நான்ஜிங் ஒப்பந்தத்தில் ஹாங்காங்கையும் ஐந்து துறைமுகங்களில் வணிக உரிமையையும் பெற்றது. அதுவரை வெளிநாட்டு வணிகம் முழுவதும் குவாங்சோ வழியாகவே நடந்தது. தேயிலையையும் பட்டையும் மலைப்பாதைகளில் சுமந்து வந்தவர்களும் படகோட்டிகளும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வணிகம் ஷாங்காய்க்கு நகர்ந்ததும் அவர்களுக்கு வேலை போனது. பிரிட்டிஷ் கடற்படை விரட்டிய கடற்கொள்ளையர்கள் ஆற்று வழியே குவாங்சிக்குள் புகுந்தார்கள்.

4. ஊருக்குள் ஊர். குவாங்சியில் நீண்டகாலமாக வாழ்ந்த உள்ளூர்க்காரர்களுக்கும், பின்னால் குடியேறிய ஹக்கா மக்களுக்கும் இடையே நிலத்துக்காகவும் தண்ணீருக்காகவும் ரத்தம் சிந்தும் சண்டைகள் நடந்தன. ஹக்காக்களின் பேச்சு வேறு. பெண்களின் பாதம் வளராதபடி சிறுவயதிலேயே இறுகக் கட்டும் சீன வழக்கத்தைப் பின்பற்றாமல், அவர்களுடைய பெண்கள் வயலில் இறங்கி வேலை செய்தார்கள். பெரும்பாலும் மலைச் சரிவுகளிலேயே அவர்களுக்கு இடம் கிடைத்தது.

மூன்றாவது காரணத்தில் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு துணுக்கு உண்டு. 1841 மே மாத இறுதியில், குவாங்சோவுக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில், கிராமத்து மக்கள் பிரிட்டிஷ் படையைச் சூழ்ந்துகொண்டார்கள். கொட்டும் மழையில் தனித்து மாட்டிக்கொண்டது 37-ஆவது மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு. துப்பாக்கி மருந்து நனைந்து சுடமுடியாமல் அந்தச் சிப்பாய்கள் ஈட்டிகளையும் கம்புகளையும் எதிர்கொண்டார்கள். மீட்புப் படை வந்துதான் தப்பினார்கள். அரசுப் படை தோற்ற எதிரியைத் தாங்களே திருப்பி அடித்தோம் என்ற எண்ணம் தென்சீனக் கிராமங்களில் பரவியது. ஆயுதம் தாங்கிய ஊர்ப்படைகள் பெருகின. அந்த ஆயுதங்கள் பின்னர் உள்ளூர்ச் சண்டைகளுக்கும் பயன்பட்டன.

## தேர்வில் தோற்றவர் கண்ட காட்சி

ஹோங் சியூச்சுவான் 1814-இல் குவாங்சோவுக்கு அருகே ஒரு ஹக்கா விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். குடும்பம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவரைப் படிக்க வைத்தது. அரசுத் தேர்வில் தேறினால் வரிச்சலுகை, மரியாதை, பதவிக்கான வழி எல்லாம் திறக்கும். அவர் நான்கு முறை எழுதி நான்கு முறையும் தேறவில்லை. இடங்கள் அவ்வளவு குறைவு; அது அவருடைய திறமைக் குறைவு மட்டுமல்ல.

1837-இல் மூன்றாம் தோல்விக்குப் பிறகு காய்ச்சலில் கிடந்தபோது, பொன்னிறத் தாடியுள்ள முதியவர் ஒருவர் தன்னிடம் வாளைக் கொடுத்துப் பேய்களை அழிக்கச் சொன்னதாகக் கண்டார். கூடவே ஓர் அண்ணனும் இருந்தார். 1843-இல், முன்பே கைக்கு வந்து படிக்காமல் கிடந்த ஒரு கிறித்தவச் சிறுநூல் தொகுப்பை எடுத்துப் படித்தார். லியாங் ஃபா என்ற சீன மதபோதகர் எழுதியது அது. முதியவர் கடவுள், அண்ணன் இயேசு, தான் கடவுளின் இரண்டாவது மகன் என்று அவருக்குப் புலப்பட்டது. பேய்கள் யார் என்பதற்குப் பின்னாளில் விடை கிடைத்தது: மஞ்சுக்கள்.

ஹோங்கை மனநோயாளி என்று ஒதுக்கிவிட்டுப் போகிற விளக்கங்களை நிறையப் படிக்கலாம். அவை எதையும் விளக்குவதில்லை. தனி மனிதர் ஒருவர் காட்சி காண்பது எந்தக் காலத்திலும் நடப்பதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் அதை நம்பி வீட்டையும் வயலையும் விற்றுவிட்டுக் கிளம்பியது ஏன் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடை அவருடைய நண்பர் ஃபெங் யுன்ஷானின் உழைப்பில் இருக்கிறது. குவாங்சியின் சிஜிங் மலைப்பகுதியில் கரி சுடுவோர், சுரங்கத் தொழிலாளர், நிலமற்ற ஹக்காக்கள் ஆகியோரிடையே அவர் வீடு வீடாகச் சென்று 'கடவுளை வழிபடுவோர் சங்கம்' கட்டினார். அந்தச் சங்கம் வெறும் பிரார்த்தனைக் கூட்டமல்ல. உள்ளூர்க்காரர்கள் தாக்கினால் பாதுகாப்பு, பசித்தால் பொதுக் களஞ்சியத்திலிருந்து சோறு, செத்தால் அடக்கம் செய்ய ஆள். அரசு தரவேண்டிய எதையும் தராத இடத்தில், சங்கம் தந்தது.

## ஜின்தியானிலிருந்து நான்ஜிங் வரை

1851 ஜனவரி 11-இல் ஜின்தியானில் 'பேரமைதியின் விண்ணக அரசு' அறிவிக்கப்பட்டது. தைப்பிங் என்பதன் பொருள் பேரமைதி. அந்த ஆண்டே யோங்ஆன் நகரைப் பிடித்து, ஹோங் தன் தோழர்களுக்கு அரசர் பட்டம் கொடுத்தார். அவர்களில் கிழக்கு அரசரான யாங் சியூச்சிங் எழுதப் படிக்கத் தெரியாத கரி சுடுபவர். படை நடத்துவதில் நிகரற்றவர். தந்தையாகிய கடவுள் தன் வாய்வழியாகப் பேசுவதாகவும் சொன்னார். இந்தக் கடைசி விஷயம் பின்னால் பெரும் விபரீதமாக முடிந்தது.

1852-இல் முற்றுகையை உடைத்து வடக்கே கிளம்பிய படை, வழியில் ஃபெங் யுன்ஷானை இழந்தது. ஆனால் ஹூனான் மாகாணத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் மதிலுக்கு அடியில் குடைந்து வெடிவைக்கும் வித்தையைக் கொண்டுவந்தார்கள். யாங்சி ஆற்றை எட்டியதும் படகுகளைப் பிடித்தார்கள். 1853 ஜனவரியில் வூச்சாங், மார்ச் 19-இல் நான்ஜிங். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டனிடம் சிங் அரசு பணிந்து ஒப்பந்தம் போட்ட அதே நான்ஜிங், இப்போது கிளர்ச்சியாளர்களின் விண்ணகத் தலைநகர். நகருக்குள் இருந்த மஞ்சுக் குடியிருப்பில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் கொன்றார்கள். இந்த இயக்கத்தின் சமத்துவத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இதை மறைக்கக் கூடாது.

நான்ஜிங்கிலிருந்து வடக்கே அனுப்பிய படை 1853 இறுதியில் தியான்ஜின் நகரை நெருங்கியது. பெய்ஜிங் நடுங்கியது. ஆனால் தெற்கத்தி வீரர்களால் வடக்கின் குளிரைத் தாங்க முடியவில்லை. துணைப்படையும் போய்ச் சேரவில்லை. 1855-க்குள் அந்தப் படை முழுவதும் அழிந்தது. முழுப் பலத்தோடு பெய்ஜிங்கை நோக்கிப் போகாமல் நான்ஜிங்கிலேயே தங்கிவிட்டதுதான் தைப்பிங்குகளின் ஆகப்பெரிய போர்த் தவறு என்பது என் கருத்து.

## நிலம்: எழுதியதும் நடந்ததும்

தைப்பிங் கிளர்ச்சியை முந்தைய விவசாயக் கிளர்ச்சிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது 1853-இல் அவர்கள் வெளியிட்ட நிலத் திட்டம். அதன் சாரம் இதுதான்:

- எல்லா நிலமும் கடவுளுடையது. விளைச்சலைப் பொறுத்து அதை ஒன்பது தரமாகப் பிரிக்க வேண்டும்.
- பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் சமப் பங்கு, ஆணானாலும் பெண்ணானாலும். சிறுவர்களுக்குப் பாதி.
- 25 குடும்பங்கள் ஓர் அலகு. அதற்கு ஒரு பொதுக் களஞ்சியம், ஒரு வழிபாட்டுக் கூடம். தேவைக்கு மேல் விளைந்தது களஞ்சியத்துக்குப் போகும். திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் அங்கிருந்து செலவு.

பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமாக நிலம் என்று 1853-இல் எழுதியதை நினைத்துப் பாருங்கள். கூடவே பாதம் கட்டுவதற்குத் தடை, அபினுக்குத் தடை, சூதுக்குத் தடை.

சரி, இது நடந்ததா? பெரும்பாலும் இல்லை. போர் ஓயவே இல்லை. நிலத்தை அளந்து பிரிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. படைக்குச் சோறு வேண்டும். அதனால் 1854 முதலே 'பழையபடி வரி செலுத்துக' என்ற உத்தரவு போனது. பல இடங்களில் நில உடைமையாளர்களே தைப்பிங் அரசுக்கும் வரி கட்டினார்கள். தலைநகரில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனி முகாம்களில் வைத்து, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழக் கூடாது என்று விதித்தார்கள். அரசர்களுக்கோ அந்தப்புரங்கள் இருந்தன. விதி 1855-இல் தளர்ந்தது. ஆனால் மரியாதை அதற்குள் போய்விட்டது.

இருந்தாலும் அந்தத் தாளுக்கு வாழ்வு இருந்தது. ஒரு நல்ல பேரரசர் வந்தால் போதும் என்பதே பழைய கிளர்ச்சிகளின் எல்லை. இந்தக் கிளர்ச்சி, நிலம் யாருடையது என்று கேட்டு, பதிலையும் எழுதிவைத்தது. அடுத்த நூறாண்டுச் சீன அரசியல் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது.

## 1856: உள்ளே விழுந்த வெட்டு

கடவுளின் குரலாகப் பேசிய யாங் சியூச்சிங், ஒரு கட்டத்தில் ஹோங்கையே கடவுளின் பெயரால் கண்டிக்கத் தொடங்கினார். 1856 செப்டம்பரில் வடக்கு அரசர் வெய் சாங்ஹுய் அவரைக் கொன்றார். யாங்கின் குடும்பம், படையினர் என்று ஆயிரக்கணக்கானோரும் கொல்லப்பட்டார்கள். பிறகு வெய்யை ஹோங் கொன்றார். மிஞ்சியிருந்த திறமையான தளபதி ஷி தாகாய் அடுத்த ஆண்டு தன் படையோடு பிரிந்து போய்விட்டார். 1863-இல் சிச்சுவானில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

1859-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஹோங்கின் உறவினர் ஹோங் ரென்கான், ரயில், நீராவிக் கப்பல், வங்கி, செய்தித்தாள், அஞ்சல் என்று ஒரு நவீன நாட்டுக்கான திட்டத்தை எழுதினார். சிங் அரசவையில் அப்போது யாரும் இப்படிப் பேசவில்லை. செயல்படுத்த மட்டும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

## சிங் அரசு பிழைத்த விதம்

கட்டுரையின் மையம் இதுதான். சிங் அரசிடம் இரண்டு படைகள் இருந்தன: மஞ்சுக்களின் எட்டுக் கொடிப் படை, ஹான் சீனர்களின் பச்சைக் கொடிப் படை. இரண்டும் உளுத்துப் போயிருந்தன. கிளர்ச்சியாளர்கள் வருகிறார்கள் என்றதும் ஓடின. அப்போது அரசு மூன்று காரியங்களைச் செய்தது.

1. படையைத் தனியார் கையில் கொடுத்தது. தாயின் இறப்புத் துக்கத்துக்காக ஹூனானில் இருந்த செங் குவோஃபான் என்ற உயரதிகாரியிடம், ஊர்க்காவல் படை அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தது. அவர் உருவாக்கிய சியாங் படையின் அமைப்பு புதியது. அவர் தனக்குத் தெரிந்த அறிஞர்களைத் தளபதிகளாக்கினார். ஒவ்வொரு தளபதியும் தன் கீழ் அதிகாரிகளைத் தானே தேர்ந்தார். அந்த அதிகாரிகள் தங்கள் சொந்த ஊர் விவசாயிகளைச் சேர்த்தார்கள். ஒரு அணிக்கு சுமார் 500 பேர். தளபதி செத்தால் அணி கலைக்கப்படும். ஆகவே தளபதியைக் காப்பாற்றுவது ஒவ்வொரு வீரனின் பிழைப்போடும் சேர்ந்தது. சம்பளமும் அரசுப் படையைவிட அதிகம். அந்தச் சிப்பாய் யாருக்கு விசுவாசம்? தன் தளபதிக்கு, தளபதி செங் குவோஃபானுக்கு. பேரரசர் வெகு தொலைவில் இருந்தார்.

1854-இல் செங் வெளியிட்ட அறிக்கை சிங் வம்சத்தைக் காப்பாற்றுங்கள் என்பதைவிட, கன்பூசியஸின் நெறியைக் காப்பாற்றுங்கள் என்றே அழுத்திச் சொன்னது. கன்பூசியக் கோயில்களை உடைக்கிறார்கள், தந்தை மகன் உறவையே மறுக்கிறார்கள் என்று அறிஞர்களைத் திரட்டினார். தொடக்கப் போர்களில் ஒன்றில் தோற்றபோது ஆற்றில் குதித்துத் தற்கொலைக்கு முயன்றார்; உதவியாளர்கள் இழுத்துப் போட்டார்கள். ஆனால் நின்று போராடினார். 1860-இல் அரசு வேறு வழியின்றி அவரையே கீழ் யாங்சி மாகாணங்களின் தலைமை ஆளுநராக்கியது. 1862-இல் அவருடைய மாணவர் லி ஹோங்ஜாங் ஆன்ஹுய் மாகாணத்தில் அதே முறையில் ஹுவாய் படையைத் தொடங்கினார்.

2. வரியை மாகாணத்துக்கு விட்டது. படைக்குக் கொடுக்க மத்தியக் கருவூலத்தில் பணமில்லை. 1853-இல் யாங்சோ பகுதியில் ஓர் அதிகாரி, சரக்குகளின் மீது நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வழிச்சுங்கம் விதித்தார். 'லிஜின்' என்ற அந்த வரி சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. ஆற்றிலும் சாலையிலும் சாவடிகள் முளைத்தன. அந்த வருமானத்தை வசூலித்ததும் செலவிட்டதும் மாகாண ஆளுநர்கள். கணக்கு மட்டும் பெய்ஜிங்குக்குப் போனது. அதுவும் எவ்வளவு உண்மையோ. கிளர்ச்சி ஒடுங்கிய பிறகும் இந்த 'தற்காலிக' வரி நிற்கவில்லை. 1931-இல்தான் ஒழிந்தது.

3. வெளிநாட்டாரைச் சேர்த்துக்கொண்டது. 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் சிங் அரசோடு போரிட்டு, பெய்ஜிங்கின் கோடை அரண்மனையைக் கொளுத்தின. அதே நாடுகள் 1862-இல் ஷாங்காயைச் சுற்றித் தைப்பிங்குகளோடு போரிட்டன. முரண்பாடு போலத் தெரியும், காரணம் எளிது. புதிய ஒப்பந்தத்தில் வேண்டிய சலுகைகளைப் பெற்றாகிவிட்டது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அரசு உயிரோடு இருந்தால்தான் சலுகைகளும் நிற்கும். அமெரிக்கர் ஃபிரடெரிக் வார்டும் அவருக்குப் பின் பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் கார்டனும் தலைமை தாங்கிய 'எப்போதும் வெல்லும் படை' இந்தக் கட்டத்தில் வந்தது. ஷாங்காய் நகரை 1853-இல் வேறொரு கிளர்ச்சிக் குழு பிடித்தபோது, சுங்க வசூலைக் கண்காணிக்க வெளிநாட்டவர் நியமிக்கப்பட்டார்கள். அந்த ஏற்பாடும் நிரந்தரமானது. 1863 முதல் சீனாவின் கடல்சுங்கத் துறைக்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஹார்ட் என்ற அயர்லாந்துக்காரர்.

1861-இல், நான்ஜிங்குக்கு மேற்கே யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஆன்சிங் நகரைச் சியாங் படை மீட்டதும் நான்ஜிங்கின் முடிவு தெரிந்துவிட்டது. முற்றுகையில் நகரம் பட்டினி கிடந்தது. வானம் தரும் புல்லைத் தின்னுங்கள் என்றார் ஹோங். 1864 ஜூன் 1-இல் அவர் இறந்தார். ஜூலை 19-இல் மதிலைத் தகர்த்து உள்ளே நுழைந்த படை நகரைச் சூறையாடிக் கொளுத்தியது.

## எத்தனை உயிர்?

பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு 2 கோடி முதல் 3 கோடி. இதைவிடக் கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு. போரில் விழுந்தவர்களைவிடப் பஞ்சத்திலும் நோயிலும் செத்தவர்கள் அதிகம். அதே பத்தாண்டில் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தவர்கள் சில லட்சம் பேர். சீனாவின் செல்வம் கொழித்த ஜியாங்சு, செஜியாங், தெற்கு ஆன்ஹுய் பகுதிகளில் ஊர் ஊராக ஆளற்றுப் போயின. வெளி மாகாணங்களிலிருந்து குடியேற்றக்காரர்களை அழைத்து வயலை உழவைக்க வேண்டியிருந்தது. கிளர்ச்சியை விடுதலை என்று புகழ்பவர்களும் அதை ஒடுக்கியதை மீட்சி என்று புகழ்பவர்களும் இந்த எண்ணைக் கடந்துதான் பேச வேண்டும். உழுதவர்களின் பெயரால் இரு பக்கமும் போரிட்டன. செத்தவர்களில் பெரும்பாலோர் உழுதவர்கள்தான்.

## வென்ற பிறகு நடந்தவை

விளைவுகள் உடனே தெரியவில்லை. செங் குவோஃபான் 1864-இல் தன் படையின் பெரும்பகுதியைத் தானே கலைத்தார், அரியணைக்கு ஆசைப்படவில்லை. ஆளுநர்களை நியமிக்கவும் மாற்றவும் பெய்ஜிங்கால் தொடர்ந்து முடிந்தது. ஆகவே 1864-லேயே சீனா துண்டானது என்று சொல்வது மிகை. ஆனால் எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. அது மூன்று முறை வெளியே தெரிந்தது.

1. 1894–95, ஜப்பானுடன் போர். ஜப்பானோடு மோதியது ஏறக்குறைய லி ஹோங்ஜாங்கின் பெய்யாங் கடற்படை மட்டுமே. தெற்குக் கடற்படைகள் ஒதுங்கி நின்றன. சரணடைந்த பிறகு ஒரு சீன அதிகாரி ஜப்பானியத் தளபதியிடம் வைத்த வேண்டுகோள் புகழ்பெற்றது: பிடிபட்ட கப்பல்களில் ஒன்று குவாங்டாங் மாகாணத்துடையது, இந்தப் போரில் குவாங்டாங்குக்குச் சம்பந்தமில்லை, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. 1900, வெளிநாட்டாருக்கு எதிரான பாக்ஸர் எழுச்சி. பேரரசவை வெளிநாடுகள் மீது போர் அறிவித்தது. தென்சீன ஆளுநர்கள் அந்த உத்தரவை ஏற்காமல், வெளிநாட்டுத் தூதர்களோடு தாங்களே சமாதான ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் லி ஹோங்ஜாங். இன்னொருவர் சியாங் படையில் வளர்ந்த லியு குன்யி.

3. 1911. அக்டோபர் 10-இல் வூச்சாங்கில் படைவீரர்கள் எழுந்தார்கள். பெய்ஜிங்குக்கு யாரும் படையெடுத்துப் போகவில்லை. மாகாணங்கள் ஒவ்வொன்றாகத் தங்களைச் சுதந்திரமானவை என்று அறிவித்தன. சில வாரங்களில் பெரும்பாலானவை பிரிந்துவிட்டன. ஒடுக்குவதற்கு அரசு அழைத்தது யுவான் ஷிகாயை. ஹுவாய் படைத் தளபதி ஒருவரின் கீழ் தொழிலைத் தொடங்கியவர் அவர். அவரே பேரம் பேசி, 1912 பிப்ரவரி 12-இல் ஆறு வயதுப் பேரரசரின் பதவி விலகலை அறிவிக்கச் செய்தார். அவர் செத்ததும், 1916 முதல் அவருடைய தளபதிகள் நாட்டைப் பங்குபோட்டுக் கொண்டார்கள்.

இன்னொரு இழையையும் சொல்ல வேண்டும். கலைக்கப்பட்ட சியாங் படைவீரர்களில் பலர் வேலையின்றி 'மூத்த அண்ணன் சங்கம்' என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்தார்கள். அந்தச் சங்கம் 1911 புரட்சியில் சிங் அரசுக்கு எதிராக நின்றது. குவாங்டாங்கில் 1866-இல் பிறந்த சுன் யாட்-சென், கிராமத்து முதியவர்களிடம் தைப்பிங் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்.

## இன்று எப்படிப் படிக்கிறார்கள்?

தியானன்மென் சிற்பத்துக்குத் திரும்பினால், கட்சியின் நிலைப்பாடு 1939-இல் மாவோ எழுதியதில் தெளிவாக இருக்கிறது. சென் ஷெங் முதல் தைப்பிங் வரையிலான விவசாய எழுச்சிகளே சீன வரலாற்றை முன்னே தள்ளிய விசை என்றார் அவர். அதே மூச்சில், சரியான வர்க்கமும் கட்சியும் வழிநடத்தாததால் அவை ஒவ்வொன்றும் தோற்றன என்றும் சொன்னார். ஆக, சிற்பம் வாழ்த்துவது விவசாயிகளின் கோபத்தை. ஹோங்கின் கடவுளுக்கு அதில் இடமில்லை. கட்சி வந்த பிறகு அப்படியொரு எழுச்சிக்குத் தேவையும் இல்லை என்பதே அந்த வாதத்தின் மறுபாதி.

அதனால்தான் 1999 ஏப்ரல் 25-இல் ஃபாலுன் கோங் உறுப்பினர்கள் சுமார் 10,000 பேர், கட்சித் தலைமையகமான சோங்நான்ஹாய்க்கு வெளியே சத்தமின்றி வந்து நின்றபோது, அவர்களுடைய கோரிக்கையைவிட அவர்கள் திரண்ட விதம் அரசை அச்சுறுத்தியது. அரசுக்குத் தெரியாமல், மாகாண எல்லைகளைத் தாண்டி, ஒரு நம்பிக்கையின் பெயரால் ஒழுங்காகத் திரளும் அமைப்பு. சிஜிங் மலையில் ஃபெங் யுன்ஷான் கட்டியது அதைத்தான்.

இப்போது ஹோங்கின் புகழ் சீனாவில் குறைந்திருக்கிறது. மாவோ காலத்தில் துரோகி என்று திட்டப்பட்ட செங் குவோஃபானின் கடிதங்களை அதிகாரிகளும் வணிகர்களும் வாழ்க்கை வழிகாட்டியாகப் படிக்கிறார்கள். இளம் வயதில் மாவோவே அவரை வியந்தவர்தான். ஆனால் செங்கின் ஒழுக்கத்தைப் போற்றும் கட்சி, அவர் கட்டிய மாதிரியான படையை ஒருபோதும் அனுமதிப்பதில்லை. 1973 டிசம்பரில் மாவோ எட்டு ராணுவ மண்டலத் தளபதிகளை ஒரே நேரத்தில் இடம் மாற்றினார். ஒரே மண்டலத்தில் நெடுங்காலம் வேரூன்றிவிட்ட தளபதிகள், தாங்கள் பழக்கிய அதிகாரிகளை விட்டுவிட்டுப் புது மண்டலத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2016-இல் ஷி ஜின்பிங் ஏழு ராணுவ மண்டலங்களைக் கலைத்து ஐந்து போர்க்கள ஆணையகங்களாக்கினார். மண்டலத் தளபதிகளிடம் சேர்ந்திருந்த அதிகாரத்தில் பெரும்பங்கு, அவரே தலைவராக இருக்கும் மத்திய ராணுவ ஆணையத்துக்குப் போனது.